வீட்டு நீச்சல் குளத்தைக் குறைந்த செலவில் வெயிலால் சூடாக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளம் கட்டியாகிவிட்டது, ஆனால் தண்ணீர் சில்லென்று கிடப்பதால் பாதி வருடம் யாரும் இறங்குவதில்லை. அப்படிப்பட்ட குளம் வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குகளுக்கு ஒரே குளத்தை எடுத்துக்கொள்கிறேன்: 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். கிட்டத்தட்ட 45,000 லிட்டர் பிடிக்கும். உங்கள் குளத்தின் அளவுக்கு ஏற்ப எண்களைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

இவ்வளவு தண்ணீரை வெயிலால் சூடாக்க முடியுமா?

முடியும். சொல்லப்போனால் வெயில் ஏற்கெனவே சூடாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. 1,000 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் ஏற்ற ஏறக்குறைய 1.16 யூனிட் வெப்பம் வேண்டும். மின் மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். நம் குளம் முழுவதையும் 1 டிகிரி ஏற்ற 52 யூனிட். மேகமில்லாத நல்ல நாளில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 5 யூனிட் அளவுக்கு வெயில் விழும் என்று வைத்துக்கொள்வோம். குளத்தின் மேற்பரப்பு 32 சதுர மீட்டர். அப்படியானால் ஒரே நாளில் 160 யூனிட் குளத்தின் மேல் கொட்டுகிறது. அதில் பெரும்பகுதியைத் தண்ணீரும் தரையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

இந்தக் கணக்குப்படி தினமும் 2 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். ஏறுவதில்லை. ஏனென்றால் வந்த வேகத்திலேயே வெளியேறிவிடுகிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி அடுத்தது.

வந்த சூடு எங்கே போகிறது?

பெரும்பாலும் காற்றோடு போகிறது. குளம் இழக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஆவியாதலால் மட்டும் போகிறது. மீதியில் பெரும்பங்கு இரவு வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாகவும், குளிர்ந்த காற்று பட்டும் போகிறது. சுவர், தரை வழியாக மண்ணுக்குள் இறங்குவது சிறிய பங்குதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மாலையில் குளத்தின் ஓரத்தில், தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு பென்சில் கோடு போட்டு வையுங்கள். காற்று அடிக்கும் வறண்ட நாளில் 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 5 மில்லிமீட்டர் இறங்கியிருப்பது சாதாரணம். 5 மில்லிமீட்டர் என்பது நம் குளத்தில் 160 லிட்டர். ஒரு லிட்டர் ஆவியாக 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மொத்தம் 107 யூனிட், அதாவது குளம் முழுவதும் 2 டிகிரி. ஒரு விரல் அகலம்கூட இல்லாத இறக்கத்தில் அவ்வளவு சூடு போய்விடுகிறது. குளத்தில் கசிவு இருக்கிறதோ என்று சந்தேகமிருந்தால், ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிக் குளத்தின் படிக்கட்டிலேயே வைத்து, இரண்டு மட்டங்களையும் ஒப்பிடுங்கள். வாளியில் குறைந்ததைவிடக் குளத்தில் அதிகம் குறைந்திருந்தால் கசிவு.

அப்படியானால் முதல் பணத்தை எதில் போட வேண்டும்?

குளத்தின் மேல் விரித்து மூடும் போர்வையில். கூரையில் வைத்துக் குளத்துத் தண்ணீரைச் சூடாக்கும் பேனலில் அல்ல. சூடாக்குபவர்களில் பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள்: கூரை முழுக்கப் பேனல் போட்டுவிட்டு, இரவெல்லாம் குளத்தைத் திறந்து போட்டிருப்பார்கள். பகலில் பேனல் சேர்த்ததை இரவு எடுத்துக்கொண்டு போய்விடும்.

குறைந்த செலவில் செய்கிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: போர்வை, குளத்தின் மேல் காற்று அடிக்காதபடி ஒரு தடுப்பு, பம்ப் ஓடும் நேரத்தை மாற்றுவது, அப்புறம்தான் பேனல். முதல் மூன்றையும் செய்துவிட்டு ஒரு பருவம் பொறுத்துப் பாருங்கள். மிதமான தட்பவெப்பம் உள்ள இடமென்றால் நான்காவது தேவைப்படாமலே போகலாம்.

எந்தப் போர்வை வாங்குவது?

குமிழ் போர்வை. பொருட்களைச் சுற்றி அனுப்பும் பபிள் ஷீட்டைப் போலவே இருக்கும், ஆனால் தடித்த, வெயிலைத் தாங்கும் பிளாஸ்டிக். குமிழ்கள் கீழே தண்ணீரைத் தொட, வழுவழுப்பான பக்கம் மேலே இருக்க விரிக்க வேண்டும். நிறையப் பேர் தலைகீழாக விரித்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

நிறத்தைப் பற்றிக் குழப்பம் உண்டு. கருப்பு என்றால் அதிகம் சூடாகும் என்று தோன்றும். போர்வை சூடாவது உண்மை, ஆனால் அந்தச் சூட்டில் ஒரு பகுதி மேலே காற்றுக்கே போய்விடுகிறது. நிறமற்ற, ஒளி ஊடுருவும் போர்வையில் வெயில் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. சூடாக்குவதுதான் நோக்கம் என்றால் ஒளி புகும் வகையே மேல். கருப்புப் போர்வை பாசி வளர்வதைக் குறைக்கும் என்பது அதன் பக்கம் உள்ள நியாயம்.

மெல்லிய போர்வை மலிவு, ஆனால் சீக்கிரம் உதிரும். கையால் தூக்கிச் சுருட்ட முடிகிற அளவுக்குள் தடிமனானதை வாங்குங்கள். சுருட்டும் உருளையையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஈரமான 32 சதுர மீட்டர் பிளாஸ்டிக்கைத் தினமும் இழுப்பது எளிதல்ல. சிரமமாக இருந்தால் இரண்டாவது வாரமே யாரும் போட மாட்டார்கள், அப்போது வாங்கிய காசு வீண். இன்னொன்று: எடுத்த போர்வையை மடித்து வெயிலில் வைக்காதீர்கள். தண்ணீர் மேல் இருக்கும்வரை தண்ணீர் அதைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். மடிப்புகளுக்குள் சூடு அடைபட்டால் குமிழ்கள் வெடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரே பிற்பகலில் போர்வை பாழாகிவிடும். நிழலில் வையுங்கள், அல்லது மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு மூடுங்கள்.

போர்வை இருந்தால் குழந்தைகள் தவறி விழுந்தாலும் பயமில்லைதானே?

இல்லை, ஆபத்து கூடுதல். குமிழ் போர்வை எந்த எடையையும் தாங்காது. குழந்தை அதன் மேல் கால் வைத்தால் போர்வை அமுங்கிச் சுற்றிக்கொள்ளும், மேலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே யாரும் இருப்பதும் தெரியாது. ஆகவே நீந்தும்போது பாதி மட்டும் திறந்து வைக்கும் பழக்கம் கூடவே கூடாது. முழுவதும் எடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். குளத்தைச் சுற்றித் தானாக மூடிக்கொள்ளும் கதவுடன் வேலி இருக்க வேண்டும். போர்வை வேலிக்கு மாற்று அல்ல. எடை தாங்கும் பாதுகாப்பு உறைகள் தனி வகை, அவற்றைச் சுவரோடு பூட்டிப் பொருத்துவார்கள்.

தண்ணீரில் ஊற்றும் திரவப் போர்வை பயன்படுமா?

ஓரளவு. ஆல்கஹால் வகையைச் சேர்ந்த ஒரு பொருள் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் பரவி ஆவியாவதைக் குறைக்கிறது. காற்று பலமாக அடித்தால் படலம் கலைந்துவிடும். பிளாஸ்டிக் போர்வைக்கு ஈடாகாது. ஒழுங்கற்ற வடிவக் குளத்துக்கு, அல்லது போர்வையை இழுக்க முடியாத முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இது பரவாயில்லை.

சரி, பேனல் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எந்த வகை?

கண்ணாடி இல்லாத கருப்பு பிளாஸ்டிக் பேனல். பாலிப்ரொப்பிலீனில் செய்த நுண்குழாய்கள் பாய் போல வரிசையாக இருக்கும், மேலும் கீழும் தடித்த ஒரு பைப். இவ்வளவுதான். குளத்துத் தண்ணீர் நேராக அதற்குள் ஓடித் திரும்பும்.

மலிவானது மட்டமானதாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். குளியலறைக்கு 60 டிகிரி வெந்நீர் வேண்டும், வெளியே 20 டிகிரி. அந்த 40 டிகிரி வித்தியாசத்தில் சூடு தப்பாமல் பிடிக்கத்தான் கண்ணாடி, காப்பு, வெற்றிடக் குழாய் எல்லாம். குளத்துக்கு வேண்டியது 28 டிகிரி. பேனலுக்கும் வெளிக்காற்றுக்கும் பெரிய வித்தியாசமே இல்லாதபோது தப்பிப் போகும் சூடும் குறைவு. கண்ணாடி போட்டால் அது வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் வெதுவெதுப்பான பருவத்தில் இந்த எளிய பிளாஸ்டிக், விலை உயர்ந்த பேனலுக்குச் சமமாகவோ அதைவிட நன்றாகவோ வேலை செய்யும். கடுங்குளிரிலும் நீந்த வேண்டும் என்பவர்களுக்கு மட்டுமே கண்ணாடி போட்ட வகை பொருந்தும்.

எத்தனை சதுர மீட்டர் போட வேண்டும்?

குளத்தின் மேற்பரப்பில் பாதியிலிருந்து முழு அளவு வரை. ஆழத்தை வைத்து அல்ல, மேற்பரப்பை வைத்துத்தான் கணக்கு, ஏனென்றால் சூடு போவது அதன் வழியாகத்தான்.

நம் குளத்துக்குப் பாதி என்றால் 16 சதுர மீட்டர். நல்ல நாளில் 80 யூனிட் வெயில் விழும், அதில் 60 சதவீதம் தண்ணீருக்குச் சேர்ந்தால் 48 யூனிட். நாளுக்கு ஏறக்குறைய 1 டிகிரி. குறைவாகத் தோன்றலாம், ஆனால் இரவில் போர்வை இருந்தால் நேற்று ஏறியதில் பெரும்பகுதி இன்று காலையிலும் இருக்கும், அதன் மேல் இன்றையது சேரும். ஒரு வாரத்தில் குளம் இறங்கக்கூடியதாகிவிடும். போர்வையே போட மாட்டேன் என்பவர்களுக்கு 32 சதுர மீட்டர் போட்டாலும் திருப்தி வராது.

பேனலிலிருந்து திரும்பும் தண்ணீர் சூடாகவே இல்லை. பேனல் கெட்டுவிட்டதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பேனல் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே அதுதான். மணிக்கு 5,000 லிட்டர் ஓடுகிறது, 20 சதுர மீட்டர் பேனல் உச்சி வெயிலில் 14 கிலோவாட் சூட்டைப் பிடிக்கிறது என்றால், உள்ளே போன தண்ணீர் வெளியே வரும்போது 2.4 டிகிரிதான் கூடியிருக்கும். கையை வைத்தால் வித்தியாசம் சரியாகத் தெரியாது.

உடனே வால்வைத் திருகி வேகத்தைக் குறைத்து, தண்ணீர் சுடச்சுட வருவதைப் பார்த்து மகிழ்பவர்கள் உண்டு. அப்போது பேனலே சூடேறி, பிடித்த வெப்பத்தைக் காற்றுக்குத் தருகிறது. குளத்துக்குப் போகும் மொத்தம் குறைந்துவிடும். பேனலைத் தொட்டுப் பாருங்கள்: உச்சி வெயிலில் கருப்பு பிளாஸ்டிக் கைக்குச் சில்லென்று இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு இடம் மட்டும் கொதித்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை, காற்று அடைத்திருக்கிறது.

கருப்பு ஹோஸ் பைப்பைச் சுருட்டிக் கூரையில் போட்டால் போதாதா?

காற்று நிரப்பி விரிக்கும் சிறு பிளாஸ்டிக் குளத்துக்குப் போதும். பெரிய குளத்துக்குப் போதாது, காரணம் பரப்பளவு. 25 மில்லிமீட்டர் பைப் 100 மீட்டர் வாங்கினாலும் வெயிலைப் பார்க்கும் பரப்பு 2.5 சதுர மீட்டர்தான். நாளுக்கு 7 அல்லது 8 யூனிட் சேரும். 5,000 லிட்டர் குளத்தில் அது 1 டிகிரிக்கு மேல், நம் 45,000 லிட்டர் குளத்தில் 0.15 டிகிரிகூட வராது.

செய்வதானால் ஒரே நீளமாகச் சுருட்டாமல் நான்கைந்து சுருள்களாகப் பிரித்து, இரண்டு தடித்த பைப்புகளுக்கு இடையே பக்கம் பக்கமாக இணையுங்கள். 100 மீட்டர் ஒரே பைப்பில் பம்ப் திணறும், தண்ணீர் சொட்டும் வேகத்தில்தான் வரும்.

குளியலறைக்குப் போட்ட சோலார் வாட்டர் ஹீட்டரைக் குளத்தோடு இணைக்கலாமா?

வேண்டாம். அதன் அளவு குளத்துக்குத் தூசு. குளோரின் கலந்த நீர் உள்ளே இருக்கும் செம்பையும் மற்ற உலோகப் பாகங்களையும் அரிக்கும்.

மின்சாரம் தரும் சோலார் பேனல் வீட்டில் இருக்கிறது. அதை வைத்துச் சூடாக்கலாமா?

ஹீட் பம்ப் மூலமாக என்றால் நல்ல வழி. ஹீட் பம்ப் காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. காற்று வெதுவெதுப்பாக இருந்தால் 1 யூனிட் மின்சாரத்துக்கு 4 முதல் 6 யூனிட் வெப்பம் தரும். மின்சாரப் பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது, ஆனால் ஹீட் பம்ப் அதை ஐந்து மடங்காக்கித் தருவதால் கூரையின் அதே இடத்திலிருந்து பிளாஸ்டிக் பேனலைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கலாம். மேகமூட்ட நாளிலும் ஓடும். ஆரம்பச் செலவு மட்டும் அதிகம்.

பகலில் மின்சாரம் மிஞ்சுகிற வீட்டுக்கு இதைப் பரிந்துரைப்பேன். இதற்காகவே புதிதாக இரண்டையும் வாங்குவதைவிடப் பிளாஸ்டிக் பேனல் மலிவு. சாதாரண காயில் ஹீட்டரைச் சோலார் மின்சாரத்தில் ஓட்டுவது மட்டும் வேண்டாம், அதில் 1 யூனிட்டுக்கு 1 யூனிட்தான் சூடு.

இருக்கும் பம்ப்பே போதுமா? எங்கே இணைப்பது?

ஒரு மாடி உயரம் வரை பெரும்பாலும் போதும். குழாய் முழுக்க நிரம்பிவிட்டால், இறங்கி வரும் தண்ணீர் ஏறும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஆகவே கஷ்டமெல்லாம் ஆரம்பத்தில் நிரப்பும்போதுதான். அதற்கு மேல் உயரமென்றால் பிளம்பரிடம் பம்ப்பின் திறனைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

வரிசை முக்கியம்: பம்ப், அடுத்து ஃபில்டர், அடுத்து பேனல், குளோரின் கலக்கும் கருவி கடைசியில். ஃபில்டருக்கு முன்னால் பேனலை வைத்தால் இலைதழை நுண்குழாய்களை அடைத்துவிடும். குளோரின் கருவி முன்னால் இருந்தால் அடர்த்தியான குளோரின் பேனலுக்குள் போகும். ஃபில்டருக்கும் பேனலுக்கும் நடுவே, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு செக் வால்வு போட வேண்டும், இல்லையென்றால் பம்ப் நின்றதும் கூரையிலிருந்து தண்ணீர் பின்னோக்கி ஓடி ஃபில்டரில் படிந்த அழுக்கைக் கிளப்பிவிடும். பேனலின் பக்கம் காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்றும் வேண்டும். அது இருந்தால்தான் பம்ப் நின்றதும் பேனல் தானாக வடியும்.

பம்ப் எப்போது ஓட வேண்டும்?

வெயில் இருக்கும்போது. சுத்தம் செய்வதற்காக இரவில் ஓட்டுகிறீர்கள் என்றால் அதே மணிநேரத்தைப் பகலுக்கு மாற்றுங்கள், கூடுதல் செலவில்லாமல் இரண்டு வேலையும் முடியும். கூரையில் ஒன்று, குளத்துப் பைப்பில் ஒன்று என இரண்டு சென்சார் வைத்த கன்ட்ரோலர் போட்டால் இன்னும் நல்லது. கூரை சில டிகிரி அதிகச் சூடாக இருக்கும்போது மட்டும் வால்வு தண்ணீரை மேலே அனுப்பும். டைமருக்கு மேகம் தெரியாது: வெயில் மறைந்த பிறகும் ஓடினால் பேனலே குளத்தைக் குளிர்விக்கும்.

எந்தத் திசையில் வைப்பது?

பூமியின் வடபாதியில் தெற்கு நோக்கி, தென்பாதியில் வடக்கு நோக்கி. வருடம் முழுவதும் பயன்படுத்தினால் சாய்வு உங்கள் இடத்தின் அட்சரேகை அளவு, கோடையையும் அதன் முன்பின் மாதங்களையும் நீட்டுவதற்கு மட்டும் என்றால் அதிலிருந்து 10 முதல் 15 டிகிரி குறைத்து. துல்லியமாக அமையாவிட்டால் பெரிய நஷ்டமில்லை. மேற்கு நோக்கிய கூரையும் ஆகும். நிழல்தான் எதிரி. காற்று பேனலைத் தூக்காதபடி கட்டுவதையும் கவனமாகப் பாருங்கள்.

உறைபனி விழும் இடத்தில்?

பருவம் முடிந்ததும் பேனலில் ஒரு சொட்டுகூட இல்லாமல் வடித்துவிடுங்கள். தேங்கிய தண்ணீர் உறைந்தால் விரிந்து நுண்குழாயைப் பிளந்துவிடும்.

எத்தனை டிகிரி வைக்கலாம்?

நீந்துபவர்களுக்கு 26 முதல் 28, சிறு குழந்தைகள் விளையாட 29 அல்லது 30. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஆவியாவது கூடிக்கொண்டே போகும், ஆகவே 30-ஐக் காப்பது 27-ஐக் காப்பதைவிட நிறையவே செலவு. வீட்டில் எல்லாருக்கும் ஒத்துவரும் குறைந்த வெப்பநிலையைக் கண்டுபிடியுங்கள்.

சூடானால் பாசி பிடிக்குமா?

எளிதாகப் பிடிக்கும், குளோரினும் சீக்கிரம் தீரும். வாரம் ஒருமுறை சோதித்தவர்கள் இரண்டு மூன்று முறை சோதிக்க வேண்டியிருக்கும். தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் pH அளவு 7.2 முதல் 7.6-க்குள் இருக்கட்டும். போர்வை போட்டிருந்தால் குளோரின் வெளியேறுவது குறையும், அதனால் மொத்தத்தில் மருந்துச் செலவு கூடாது. அதிக அளவு குளோரின் போட்ட இரவில் மட்டும் போர்வையைத் திறந்து வையுங்கள், அடைபட்ட குளோரின் பிளாஸ்டிக்கை அரிக்கும்.

கோடையில் தண்ணீர் கஞ்சி போல் சூடாகிறது. என்ன செய்ய?

அதே பேனலை இரவில் ஓட்டுங்கள். தெளிந்த வானத்தை நோக்கி அது சூட்டை விட்டுவிடும். பகலில் போர்வையை எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே கேஸ் ஹீட்டர் இருக்கிறது. கழற்றிவிடலாமா?

இருக்கட்டும். பேனலுக்கு அடுத்து, குளோரின் கருவிக்கு முன்னால் வரும்படி இணைத்துவிடுங்கள். வெயில் கொடுத்தது போக மிச்சத்தை மட்டும் அது போடும். தெர்மோஸ்டாட்டைப் பேனல் எட்டும் அளவைவிட 2 டிகிரி கீழே வையுங்கள், இல்லையென்றால் காலையிலேயே கேஸ் எரிந்து குளத்தைச் சூடாக்கிவிடும், வெயில் வரும்போது கன்ட்ரோலர் பேனல் வேண்டாம் என்று நிறுத்திவிடும். தொடர்ந்து மழை பெய்யும் வாரத்தில் விருந்தினர் வருவதாக இருந்தால் முந்தின நாள் அதை ஏற்றிவிட்டு, அன்று இரவே போர்வையையும் விரித்துவிடுங்கள்.